மகன் பிஎம்எக்ஸ் வீரர், அப்பா கடன்காரர்

கேள்வி: கலிஃபோர்னியாவில் இருக்கிறோம். 25 வயது மகன் தொழில்முறை பிஎம்எக்ஸ் டர்ட் ஜம்பர், அதாவது சிறிய சைக்கிளில் மண்மேடுகளின் மேல் பாய்ந்து சாகசம் செய்பவன். ஸ்பான்சர்கள் மாதம் 1,800 டாலர் தருகிறார்கள். போன வருடம் பரிசும் ஷோவுமாக 23,000 வந்தது. பிக்கப் டிரக் தவணை மாதம் 780. கை கடிக்கும்போதெல்லாம் வீட்டை ஈடாக வைத்து, வேண்டும்போது பணம் எடுத்துக்கொள்ளும் ஹெலாக் கடனிலிருந்து நான் கொடுக்கிறேன். 46,000 நிற்கிறது, வட்டி 8.5%. இன்ஷூரன்ஸ் ஏஜென்டான என் மச்சினன், மகன் பெயரில் மாதம் 600 டாலருக்கு ஐ.யு.எல். பாலிசி (பங்குச்சந்தைக் குறியீட்டை ஒட்டிச் சேமிப்பு வளரும் ஆயுள் காப்பீடு) போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம். ஆனால் உங்கள் தலைவலி பாலிசி அல்ல, ஹெலாக். அதற்கு வட்டி மட்டுமே ஆண்டுக்கு 3,900 டாலர் போகிறது. பணம் எடுக்கும் காலம் முடிந்ததும் அசலும் சேர்ந்து தவணை எகிறும். அப்போது உங்களுக்கு ஓய்வு வயது நெருங்கியிருக்கும்.

மகன் கணக்கைப் பாருங்கள். பரிசே வராத ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். ஸ்பான்சர் பணம் 21,600. விமானம், உதிரி பாகம், நுழைவுக் கட்டணம் என்று குறைத்துப் போட்டாலும் 12,000 போகும். மீதி 9,600. டிரக் தவணை 9,360. வரி, வாடகை, சாப்பாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து 240 டாலர்! நல்ல ஆண்டின் பரிசைச் சம்பளமாக நினைத்து டிரக் வாங்கியிருக்கிறார். சைக்கிளையும், மண்மேடு கட்டும் மண்வெட்டியையும் ஏற்றிப்போக பழைய வண்டி போதும். இந்த டிரக்கை விற்கச் சொல்லுங்கள்.

பரிசு வராத ஆண்டு என்பது கற்பனை இல்லை. 2006-க்குப் பிறகு பல ஆண்டுகள், சாகச விளையாட்டுகளின் பெரிய போட்டியான எக்ஸ் கேம்ஸில் உங்கள் மகனுடைய டர்ட் பிரிவே கிடையாது. ஒலிம்பிக்ஸில் பிஎம்எக்ஸ் ரேஸ் 2008-லும், பார்க் (சரிவு மேடைகளில் சாகசம் செய்யும் பிரிவு) டோக்கியோவிலும் வந்தன. டர்ட் இன்னும் வரவில்லை.

காயத்தைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. 2001 எக்ஸ் கேம்ஸ் டர்ட்டில் தங்கம் வென்றவர் ஸ்டீபன் மர்ரே. 2007 ஜூனில் பால்டிமோர் போட்டியில் இரட்டை பேக்ஃபிளிப் (காற்றில் பின்பக்கமாக இருமுறை குட்டிக்கரணம்) முயன்றபோது கழுத்து முறிந்து உடல் செயலிழந்தது. சிகிச்சைச் செலவுக்கு ரசிகர்களும் சக வீரர்களும் நிதி திரட்டினார்கள். உங்கள் மகனுக்கு 26 வயது நிறைந்ததும் உங்கள் அலுவலக மருத்துவக் காப்பீட்டிலிருந்து வெளியே வந்துவிடுவார். அதன்பின், மாநிலத்தின் மருத்துவக் காப்பீட்டுச் சந்தையான கவர்டு கலிஃபோர்னியாவில் சேர 60 நாள் அவகாசம்தான். பிறந்தநாளுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். வருமானம் குறைவு என்பதால் மானியமும் கிடைக்கலாம். உங்களுக்குக் கொடுத்தே தீரவேண்டும் என்றால் இந்தப் பிரீமியத்தைக் கட்டுங்கள், அதுவும் சம்பளத்திலிருந்து.

ஐ.யு.எல். விஷயம். நம்மவர்கள் வீட்டு விசேஷங்களில் சாப்பாட்டுக்கு முன்பே இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. மாதம் 600 என்றால் ஆண்டுக்கு 7,200. மகனிடம் இல்லாத பணம், ஆகவே ஹெலாக்கிலிருந்துதான் போகும். எட்டரை சதவீதத்துக்குக் கடன் வாங்கி, உச்சவரம்பு வைத்த லாபத்தை வாங்குவதா? ஆரம்ப ஆண்டுகளில் விட்டுவிட்டால், பாதியில் விலகியதற்குச் சரண்டர் கட்டணம் வேறு. ஆபத்தான விளையாட்டுக்குக் கூடுதல் பிரீமியமா, அல்லது அதில் உயிர் போனால் பணம் கிடையாது என்ற விதிவிலக்கா என்று மச்சினனிடம் எழுத்தில் கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இனி பரிசு செக் வந்தால் கால் பங்கு வரிக்கு, காலாண்டுக்கு ஒருமுறை கட்டிவிட வேண்டும். மீதியை, ஆறு மாதச் செலவு சேரும்வரை தனிக் கணக்கில் போடட்டும். நீங்கள் ஹெலாக் கணக்கைப் புதிதாகப் பணம் எடுக்க முடியாதபடி முடக்கச் சொல்லி வங்கிக்கு இந்த வாரமே எழுதுங்கள். மகனிடம் அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.