சுவருக்கு இந்தப் பக்கம்

கேள்வி: பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் ‘தி வால்’ (சுவர்) மேடைப் பதிவைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நிகழ்ச்சியை நேரில் கண்டவர்களின் அனுபவத்துக்கு அது ஈடாகுமா?

பதில்: ஈடாகாது, ஆனால் நாம் இழப்பது எல்லாப் பாடல்களிலும் ஒரே அளவாக இல்லை. லண்டன் எர்ல்ஸ் கோர்ட் அரங்கில் 1980, 1981 ஆகிய ஆண்டுகளில் பல இரவுகள் பதிவானவற்றிலிருந்து தேர்ந்து தொகுக்கப்பட்ட இந்த ஆல்பம் 2000ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. ஆகவே நீங்கள் கேட்கும் நிகழ்ச்சியை அப்படியே கேட்டவர் அந்த அரங்கில் ஒருவரும் இல்லை. கண்காட்சிகளுக்கென்று கட்டிய அந்தப் பெருங்கூடத்தின் கடைசி வரிசைக்கு இத்தனை தெளிவான ஒலி எட்டியிருக்கும் என்றும் நான் நம்பவில்லை.

அங்கிருந்தவர்களுக்குக் கிடைத்தது வேறு. பாடல்கள் நடந்துகொண்டிருக்கும்போதே பணியாளர்கள் அட்டையால் ஆன பெரிய செங்கற்களை அடுக்கி, இசைக்குழுவுக்கும் ரசிகர்களுக்கும் நடுவே சுமார் 40 அடி உயரச் சுவரை எழுப்பினார்கள். 1979ஆம் ஆண்டின் ஸ்டுடியோ ஆல்பத்தில் இல்லாத ‘தி லாஸ்ட் ஃபியூ பிரிக்ஸ்’ என்ற வாத்திய இசை, அந்த வேலை முடிவதற்கு அவகாசம் தருவதற்காகவே வாசிக்கப்பட்டது. வீட்டில் கேட்கும்போது, முன்பு வந்த மெட்டுகளையே சுற்றி வரும் அந்தப் பகுதி சற்று நீண்டுவிட்டதாகத் தோன்றும் (எனக்கும் தோன்றியதுண்டு). கல் மேல் கல் ஏறி மேடை மறைவதைப் பார்த்தவருக்கு அப்படித் தோன்றியிருக்க வழியில்லை.

‘கம்ஃபர்ட்டபிளி நம்ப்’ பாடலில் இழப்பு இன்னும் பெரிது. கீழே குழுவின் பாடகர்களில் ஒருவரான ரோஜர் வாட்டர்ஸ் பாடிக்கொண்டிருக்க, கிடார் கலைஞர் டேவிட் கில்மோர் சுவரின் உச்சியில் நின்று பாடி கிடார் வாசித்தார். ஆல்பத்தில் அந்த வாசிப்பு மிக நன்றாகவே பதிவாகியிருக்கிறது. என்றாலும் அது தலைக்கு மேலிருந்து வருகிறது என்பதை ஒலிபெருக்கி சொல்வதில்லை.

இதற்கு நேர்மாறானது ‘ஹே யூ’. இடைவேளைக்குப் பின் வரும் இப்பாடலைக் குழுவினர் முழுமையாக எழும்பிவிட்ட சுவருக்குப் பின்னால் மறைந்திருந்து வாசித்தனர். பணம் கொடுத்து முன்வரிசையில் அமர்ந்தவரும் அப்போது வெறும் சுவரைப் பார்த்தபடிதான் கேட்டார். நீங்கள் உங்கள் அறைச் சுவரைப் பார்த்தபடி கேட்கிறீர்கள். ஒரே வேறுபாடு, அவருடைய சுவர் சற்று முன்புதான் அவர் கண்ணெதிரே எழும்பியது.