புரண்டு படுத்தால் வீடே சுற்றுகிறதே, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 58. இரண்டு மாதமாகப் படுக்கையில் வலது பக்கம் புரண்டால் வீடே கிறுகிறுவென்று சுற்றுகிறது. பரணில் எதையாவது எடுக்க அண்ணாந்து பார்த்தாலும் அப்படித்தான். அசையாமல் இருந்தால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். காது நன்றாகக் கேட்கிறது. பித்தம் என்று நாத்தனார் கஷாயம் வைத்துக் கொடுத்தார். பிரஷர், சுகர் சரியாக இருக்கிறது. எக்ஸ்ரே பார்த்து, கழுத்தெலும்புத் தேய்மானம் என்று பட்டை போடச் சொன்னார்கள். மாத்திரையும் சாப்பிடுகிறேன், குறையவில்லை. மூளையில் ஏதாவது இருக்குமோ?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா, பயப்படாதீர்கள். புரண்டால் வருகிறது, சற்று நேரத்தில் போய்விடுகிறது, காது கேட்பதில் குறை இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது உள்காதைத்தான். 50 வயதைத் தாண்டிய எக்ஸ்ரேக்களில் கழுத்தெலும்புத் தேய்மானம் சர்வசாதாரணமாகத் தெரியும். அதன் மேல் பழியைப் போட்டுப் பட்டை மாட்டி அனுப்பிவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

உள்காதில் ஒரு சிறு பையின் மேல் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டியிருக்கும். தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்ல உதவுபவை அவை. வயதாலோ தலையில் அடிபட்டதாலோ, பல சமயம் காரணமே தெரியாமலோ, சில துகள்கள் கழன்று பக்கத்திலுள்ள அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடும். குழாயில் இருப்பது திரவம். நீங்கள் புரளும்போது துகள்கள் சரிந்து, திரவத்தையும் இழுக்கின்றன. தலை அசையாமல் இருந்தாலும், சுழல்வதாக மூளைக்குத் தகவல் போகிறது. துகள்கள் அடங்கியதும் சுற்றலும் நின்றுவிடும், பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள்.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் உதவாது. 1952-இல் லண்டனில் டிக்ஸ், ஹால்பைக் என்ற இரு மருத்துவர்கள் விவரித்த சோதனை போதும். உங்களை உட்காரவைத்து, தலையை வலது பக்கம் 45 டிகிரி திருப்பி, தலை கட்டில் விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்கும்படி சட்டென்று படுக்கவைப்பார்கள். கண்ணை மூடக் கூடாது. ஓரிரு நொடி ஒன்றும் இருக்காது. பிறகு கருவிழி முறுக்கிக்கொண்டு மேல்நோக்கித் துடிக்கும், மெல்ல அடங்கும். அதைப் பார்த்துவிட்டால் எந்தக் காது, எந்தக் குழாய் என்பது பெரும்பாலும் புரிந்துவிடும்.

வைத்தியமும் அதே கட்டிலில்தான். அமெரிக்காவின் போர்ட்லாந்தைச் சேர்ந்த காது மருத்துவர் ஜான் எப்லி 1992-இல் வெளியிட்ட முறை இது. தொங்கிய நிலையிலிருந்து தலையை மெதுவாக இடது பக்கம் திருப்பி, அப்புறம் உடம்போடு புரட்டி முகம் தரையைப் பார்க்கும்படி வைத்து, கடைசியில் எழுப்பி உட்காரவைப்பார்கள். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடமாவது பொறுக்க வேண்டும். துகள்கள் குழாயைச் சுற்றி வந்து, பழைய பைக்கே திரும்பிவிடும். நடுவில் சுற்றும், குமட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு தடவையிலேயே சரியாகிவிடுகிறது. பிறகு திரும்ப வரவும் கூடும், வந்தால் மறுபடி இதையே செய்யலாம். மாத்திரை குமட்டலைக் குறைக்கும், துகளை நகர்த்தாது.

தலைசுற்றல் எல்லாமே இது அல்ல. மணிக்கணக்கில் சுற்றி, காது அடைத்து இரைந்தால் மெனியர் நோயாக இருக்கலாம். நாள் கணக்கில் விடாமல் சுற்றினால் சமநிலை நரம்பின் அழற்சியாக இருக்கலாம். ஆனால் பேச்சு குழறுவது, இரண்டிரண்டாகத் தெரிவது, கை கால் மரத்துப்போவது, நிற்கவே முடியாமல் தள்ளாடுவது, திடீரென்று கடும் தலைவலி, இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நீங்கள் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், புரண்டால் வருகிறது என்பதை முதலில் சொல்லுங்கள். கழுத்துத் தேய்மானத்தையும் சொல்லுங்கள், தலையைத் தொங்கவிடாமலே செய்யும் வழிகள் உண்டு. மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டு போங்கள், சில மாத்திரைகள் கண் துடிப்பை மறைத்துவிடும். துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். சரியாகும்வரை பரணில் இருப்பதை வேறு யாராவது எடுத்துத் தரட்டும்.