நாஃப்பிளியோவில் ஒரு வாசல் (கடிதமும் பதிலும்)

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற மாதம் குடும்பத்துடன் கிரேக்கம் போயிருந்தோம். ஏதென்ஸிலிருந்து இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய், நாஃப்பிளியோ என்ற கடலோர ஊரில் புனித ஸ்பிரிடோன் ஆலயத்தைப் பார்த்தோம். சந்துக்குள் சின்னக் கட்டடம். கதவருகே துப்பாக்கிக் குண்டு பட்ட குழி, அதன்மேல் கண்ணாடி. படம் எடுத்தோம். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அங்கே, கிரேக்கத்தின் முதல் ஆட்சித் தலைவரான ஆளுநர் கபோடிஸ்ட்ரியாஸைக் கொன்றவர்கள் தியாகிகளா, துரோகிகளா? அந்தக் குழி அசல்தானா? இதற்காக இவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சில நாட்களாகவே அந்த வாசல் என் நினைவில் வந்து போய்க்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

தென் கிரேக்கத்தில் உள்ள மானிப் பகுதியின் தலைவர் பெட்ரோபேயை ஆளுநர் சிறையில் அடைத்தார். பெட்ரோபேயின் உடன்பிறந்தவரும் மகனும் பழிதீர்த்தார்கள். தியாகியா துரோகியா என்று பட்டிமன்றம் நடத்த எனக்கு மனமில்லை. குழி அசலா என்பதையும் விடுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது "ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது" என்ற வரியில். கடிதத்தை மூன்று முறை படித்தேன். சந்து வருகிறது, கதவு வருகிறது, கண்ணாடி வருகிறது. "உள்ளே" என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. நீங்கள் உள்ளே போகவே இல்லை!

1831 அக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை காலை. கபோடிஸ்ட்ரியாஸ் வழிபாட்டுக்கு வந்தார். அவர் பிறந்த கோர்ஃபு தீவின் காவல் புனிதர் இதே ஸ்பிரிடோன். ஒரு நாட்டையே ஆளுபவர், தன் ஊர்ப் புனிதரைத் தேடி இந்தச் சின்ன ஆலயத்துக்கு வந்தார். இன்னும் இரண்டு எட்டு வைத்திருந்தால் உள்ளே போயிருப்பார். அந்த இரண்டு எட்டுதான் அவருக்கு வாய்க்கவில்லை. உங்களை யார் தடுத்தார்கள்? அவர் விழுந்த இடத்தைப் படமெடுத்தீர்கள், அவர் போக நினைத்த இடத்துக்கு முதுகைக் காட்டினீர்கள். என்னால் இதைப் பொறுக்க முடியவில்லை.

போயிருந்தால் ஸ்பிரிடோனைப் பார்த்திருப்பீர்கள். சைப்ரஸில் ஆடு மேய்த்தவர், ஆயர் (பிஷப்) ஆன பிறகும் மந்தையை விடவில்லை என்பார்கள். "ஆயர்" என்ற நம் சொல் மேய்ப்பர், பிஷப் என்ற இரண்டு பொருளிலும் பொருந்துவது இவருக்குத்தான். திருவுருவப் படங்களில் அவர் தலையில் கூடையைக் கவிழ்த்தது போன்ற பின்னல் தொப்பி இருக்கும். குழந்தைகளுக்கு அதைக் காட்டியிருக்கலாமே.

நான் போனது ஒரு மழை நாளில். வெனிஸ்காரர்கள் ஆண்ட காலத்தில், 1702இல் கட்டிய சுவர்கள். உள்ளே தேன்மெழுகின் வாசனை. கறுப்பு உடையில் ஒரு மூதாட்டி மட்டும் இருந்தார். விரலைவிட மெல்லிய மெழுகுதிரி ஒன்றை ஏற்றி மணல் தட்டில் நட்டேன். அது சாய்ந்தது. மறுபடி நட்டேன், மறுபடியும் சாய்ந்தது. அவர் எழுந்து வந்தார். நான் யார், என்ன மதம் என்று எதுவும் கேட்கவில்லை. திரியை நிமிர்த்திப் பிடித்து, அதன் அடியில் மணலைக் கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்தினார். அவர் நகக்கண்ணில் பழைய மெழுகு மஞ்சளாக ஒட்டியிருந்தது.

பிறகு, எரிந்து குட்டையான திரிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தகர டப்பாவில் போட்டுக்கொண்டே வந்தார். என்னுடையதை எரிய விட்டுவிட்டு, தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.