லொறி ஸ்பிரிங் தகட்டில் அடித்த காட்டுக்கத்தியின் நீலக்கறுப்பு தேய்ந்துவிட்டது, மட்டக்களப்பில் வீட்டிலேயே திரும்ப ஏற்றலாமா?

ஏற்றலாம். தேய்ந்த இடம் இரண்டு விரல் அகலத்துக்குள் என்றால் தடவினாலே நீலமேறும் ‘கோல்ட் புளூ’ திரவம் போதும். அலகு முழுக்க வெளுத்திருந்தால் அதை வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும், கெதியில் தேயும். துருவேற்றி அவிக்கிற முறைதான் சரி.

கைபிடியைக் கழற்றுங்கள். அரக்கு வைத்து இறுக்கியதென்றால் கொதிநீரில் எப்படியும் இளகும். பழைய துருவை 240, பிறகு 400 இலக்க எமரித் தாளால் ஒரே திசையில் தேயுங்கள். கீறல்களை நீலம் மறைக்காது, இன்னும் எடுப்பாகக் காட்டும். அடுத்தது எண்ணெய் எடுப்பது, முக்கால்வாசி வேலை பழுதாவது இதில்தான். சவர்க்காரத்தால் கழுவி, அசிட்டோனால் இருமுறை துடைத்தபின் அலகை வெறுங்கையால் தொடாதீர்கள். விரல் பட்ட இடம் முடிவில் வெள்ளைப் புள்ளியாக நிற்கும்.

துருக் கலவைக்கு 3% ஹைட்ரஜன் பெரொக்சைட் 200 மில்லிலீற்றர், வெள்ளை வினாகிரி 25 மில்லிலீற்றர், உப்பு அரைத் தேக்கரண்டி. வேண்டியபோது கலந்து, மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். மூடிய போத்தலில் வைத்தால் வாயு கூடி வெடிக்கலாம். பஞ்சால் மெல்லிய படையாகத் தடவுங்கள். வழிந்தால் அந்தக் கோடு அரித்துக் குழியாகும். சீரான செம்மஞ்சள் துரு பிடித்ததும் 20 நிமிடம் கொதிநீரில் அமிழ்த்தினால் அது கறுப்பாக மாறும். எண்ணெய் நீக்கிய 0000 ஸ்டீல் வூலால் (மிக நுண்ணிய இரும்புப் பஞ்சு) மேல் தூளை மட்டும் துடைத்து, திரும்பத் தடவி, திரும்ப அவியுங்கள். நான்கைந்து சுற்றில் நிறம் ஆழமாகும். கொதிநீர் 100 பாகைக்கு மேல் போகாததால் அலகின் பதம் கெடாது. அடுப்பில் காட்டி நீலமாக்க ஏறத்தாழ 300 பாகை வேண்டும். பல கத்திகளில் வாய் அப்போதே மெதுத்துவிடும்.

அவிக்கிற தண்ணீர் முக்கியம். கடலோரத்திலும் வாவிக் கரையிலும் பல கிணறுகள் உவர். அந்த உப்பு கறுப்புப் படலத்துக்குள் நின்று பிறகு துருவாகக் கசியும். மழைநீரோ பற்றரிக்கு ஊற்றும் வடிநீரோ எடுங்கள். வறண்ட கச்சான் காற்றடிக்கும் காலத்தில் கலவை துருப்பிடிக்குமுன்னே காய்ந்துவிடும். மூடிய பெட்டிக்குள் ஈரத்துணி போட்டு, அலகு அதில் படாமல் தொங்கவிடுங்கள். மாரியில் அந்தத் தொல்லை இல்லை.

கடைசி அவிப்பு முடிந்து சூடாக இருக்கும்போதே தையல் மெசின் எண்ணெய் பூசி ஓர் இரவு விடுங்கள். துருவை உண்மையில் தடுப்பது படலத்தின் நுண்துளைகளில் நிற்கும் இந்த எண்ணெய்தான்.

கோல்ட் புளூவுக்கும் அதே சுத்தம் வேண்டும். அலகை இளஞ்சூடாக்கி, தடவி, ஒரு நிமிடத்தில் கழுவி, மூன்று தரம் செய்யுங்கள். பிறகு அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் அலசாவிட்டால், மிஞ்சும் அமிலம் மறுநாளே பழுப்பாகப் பூக்கும். இத்திரவங்கள் பலவற்றில் செலினியம் இருக்கிறது, நஞ்சு. கையுறை போடுங்கள், குசினிக் கத்தியில் பூசவே வேண்டாம்.

துருப்புள்ளி வந்தால் தேசிக்காயோ வினாகிரியோ தேய்க்காதீர்கள். துருவோடு நீலமும் போய்விடும். எண்ணெய் தொட்ட 0000 வூல் போதும். தோல் உறையில் மாதக்கணக்கில் வைப்பதும் கூடாது, ஈரத்தை அது விடாது. சாணை பிடித்த வாய் வெள்ளையாகத்தான் இருக்கும். அதற்கு எண்ணெய்த் துணியால் ஓர் இழுவை போதும்.