பத்தாம்பசலி என்றால் எத்தனையாம் பசலி?

வருவாய்த் துறையில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் 'பத்தாம்பசலி' பற்றிய கேள்விகளை எல்லாம் என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: பழைய காலத்து ஆளைப் பத்தாம்பசலி என்கிறோமே, பசலி என்றால் என்ன சார்?

பதில்: வரி வசூலுக்கான விவசாய ஆண்டு. அரபியிலிருந்து பாரசீகம் வழியாக வந்த 'ஃபஸ்ல்' என்ற சொல்லுக்குப் பருவம், அறுவடை என்று பொருள். நம் வாயில் அது பசலி ஆகிவிட்டது. முஸ்லிம்களின் ஹிஜ்ரி ஆண்டு சந்திரனை வைத்து ஓடுவது, 354 நாள்தான். நெல் அந்தக் கணக்குக்கா விளையும்? 32 அறுவடை முடிவதற்குள் 33 ஹிஜ்ரி ஆண்டு ஓடிவிடும். விளையாத அந்த ஒரு வருடத்துக்கும் குடியானவன் வரி கட்டவேண்டி வரும். அதனால்தான் அக்பர் காலத்தில் வரிக்கென்று சூரியனை ஒட்டிய தனி ஆண்டு வந்தது. தக்காணத்துக்கு அது ஷாஜகான் காலத்தில், 1636இல் வந்து சேர்ந்தது. சென்னை மாகாணத்தில் முதலில் ஆடி ஒன்றாம் தேதிதான் பசலி பிறக்கும். பிறகு ஆங்கிலேயர் கைவைத்து, 1855இல் ஜூலை 1 என்று ஆக்கினார்கள். இன்றும் தமிழ்நாட்டில் அதே தேதிதான்.

கேள்வி: இப்போதும் பசலி புழக்கத்தில் இருக்கிறதா?

பதில்: நன்றாகவே இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலை, அதாவது நிலம், பயிர் விவரப் பதிவேட்டை, புரட்டிப் பாருங்கள். வருடா வருடம் கிராமக் கணக்கைச் சரிபார்க்கும் ஜமாபந்தியும் பசலிக் கணக்குதான். பசலியோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். 2024 ஜூலை முதல் 2025 ஜூன் முடிய பசலி 1434. பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் இந்திப் பெயரில் வரும் 'ஃபசல்' கூட இதே சொல்தான்.

கேள்வி: நீங்கள் சொன்னபடி பத்தோடு 590ஐக் கூட்டினேன் ஐயா, கி.பி. 600 வருகிறது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து ஆள் என்று அர்த்தமா?

பதில்: கணக்கு சரி. ஆனால் அப்படி ஒரு வருடத்துக்கு யாரும் கணக்கு எழுதவே இல்லை. 1636இல் தக்காணத்தில் பசலி தொடங்கியபோது ஒன்று என்று எண்ண ஆரம்பிக்கவில்லை, அந்த நேரத்து ஹிஜ்ரி எண்ணான 1046ஐயே எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பக்கத்துக்கு முதல் பசலியே 1046தான்! பத்தாம் பசலியில் நிலம் உழுதவனும் இல்லை, கிஸ்தி கட்டியவனும் இல்லை.

அப்புறம் 'பத்தாம்' எங்கிருந்து வந்தது? பேச்சில் நூற்றாண்டை விழுங்கிவிடுவது கச்சேரி (அலுவலக) வழக்கம். நாங்களும் 1434ஐ முப்பத்து நாலாம் பசலி என்றுதான் சொல்வோம். அதுபோல 1310ஆம் பசலியைப் பத்தாம் பசலி என்று சுருக்கியிருக்கலாம். அது 1900ஆம் ஆண்டு. பிற்பாடு ஒருவன், "இவர் இன்னும் பத்தாம் பசலியிலேயே நிற்கிறார்" என்று கிண்டலடித்திருப்பான். இது என் ஊகம்தான், சத்தியம் செய்யமாட்டேன்.

கேள்வி: பழைய டிவி, பழைய மிக்ஸியையும் பத்தாம்பசலி எனலாமா?

பதில்: என் காதுக்கு ஒட்டவில்லை. அது ஆளுக்கும் கருத்துக்கும் சொல்வது. 'பத்தாம்பசலித்தனம்' என்றால் மனப்போக்கு. பொருளுக்கு அரதப்பழசு இருக்கிறது, கோபம் வந்தால் காயலான் கடைச் சரக்கும் இருக்கிறது. பலர் இங்கே 'காலாவதி' போடுகிறார்கள். காலாவதி என்பது குறித்த கெடு முடிவது. மாத்திரை காலாவதியாகும், லைசென்ஸ் காலாவதியாகும். தந்தி காலாவதியாகவில்லை, வழக்கொழிந்தது.

கேள்வி: எங்கள் அப்பாயி யாரையாவது "சுத்தக் கர்நாடகம்" என்பார். அந்த மாநிலத்து மக்களைத் திட்டுகிறாரா?

பதில்: ஐயோ, இல்லை. அந்த மாநிலத்துக்கு அந்தப் பெயர் வந்ததே 1973இல்தான், அதுவரை மைசூர். அப்பாயியின் சொல் அதைவிட மூத்தது. ஆற்காட்டு நவாபைத்தான் ஆங்கிலேயர் கர்நாடக நவாப் என்றார்கள், 1801இல் ஆட்சியையும் வாங்கிக்கொண்டார்கள். கம்பெனிக்கு முந்திய பாணி என்பதுதான் 'பழைய பாணி' என்று தேய்ந்திருக்கும் என எனக்குப் படுகிறது. இப்போது இந்தப் பேச்சே அருகிவிட்டது. பழசைக் குறிக்கும் சொல்லே பழசாகிவிட்டது, பாருங்கள்.

கேள்வி: போகிக்குச் சொல்லும் "பழையன கழிதலும் புதியன புகுதலும்" இதற்குப் பொருந்துமா?

பதில்: போகியைவிட இதற்குத்தான் பொருந்தும். அது பவணந்தியாரின் நன்னூல், 462ஆம் சூத்திரம். "வழுவல கால வகையினானே" என்று முடியும். பழைய பாயைக் கொளுத்துவதைப் பற்றி அவர் பேசவில்லை. மொழியில் பழையது கழிந்து புதியது புகுந்தால் அது பிழை இல்லை என்கிறார்.

கேள்வி: மாமனாரை நேரில் பத்தாம்பசலி எனலாமா?

பதில்: தன்னைப் பற்றி அவரே சொல்லிக்கொண்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். நீங்களாகச் சொல்லாதீர்கள்.

கேள்வி: பசலைக்கீரைக்கும் பசலிக்கும் உறவு உண்டா?

பதில்: ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கீரையைப் பருப்புப் போட்டுக் கடைந்து சாப்பிடுங்கள்.