எரிந்தனவா, எரித்தார்களா? – ஒரு கடிதம்

வணக்கம்.
மியான்மரின் ராக்கைன் மாநிலத்து முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்கியாக்களைப் பற்றி எழுதும்போது ஓர் இணையதளம் ‘ராக்கைன் மோதல்’ என்கிறது, இன்னொன்று ‘இனப்படுகொலை’ என்கிறது. முதலாவதுதானே யார் பக்கமும் சாயாத சொல்? ஒரு செய்தியை எதை வைத்து எடைபோடுவது?
ம., தஞ்சாவூர்

அன்புள்ள ம.,

‘மோதல்’ சாயாத சொல் என்று எனக்குத் தோன்றவில்லை. 2017 ஆகஸ்ட் 25 அன்று அர்சா என்ற ரோஹிங்கியா ஆயுதக் குழு சுமார் 30 காவல் சாவடிகளைத் தாக்கியது உண்மை. பிறகு மியான்மர் ராணுவம் ஊர் ஊராகப் புகுந்ததில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். இரண்டையும் ஒரே சொல்லில் கட்டினால் தராசுத் தட்டு சமமாக நிற்பதுபோல ஒரு தோற்றம் வந்துவிடும்.

முதலில் வினைச்சொல்லைப் பாருங்கள். ‘கிராமங்கள் எரிந்தன’ என்றால் கூரை தானாகப் பற்றிக்கொண்டதுபோல இருக்கிறது. ‘எரித்தார்கள்’ என்றால் யார் என்று சொல்லியாக வேண்டும். தமிழில் ஒரு ‘ந்’ ‘த்’ ஆனால் போதும், செய்தவன் வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறான். அவசர மொழிபெயர்ப்பில் நழுவுவதும் இந்த எழுத்துதான். ‘இடம்பெயர்ந்தனர்’ என்பதும் அதே ரகம். விரட்டியவர் அதில் இல்லை.

யார் செய்தது என்று உறுதியாகாதபோது அதையே எழுதலாம். ராணுவம் செய்தியாளர்களைச் சுதந்திரமாக உள்ளே விடவில்லை என்பதும் செய்திதான். ராக்கைனின் இன் டின் கிராமத்தில் 10 ரோஹிங்கியாக்கள் கொல்லப்பட்டதைத் துருவிய ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் வா லோன், கியாவ் சோ ஊ இருவரும் 500 நாளுக்கு மேல் சிறையில் இருந்தார்கள். அந்தக் கொலைக்காகத் தண்டிக்கப்பட்ட சிப்பாய்கள் ஓராண்டுகூட உள்ளே இருக்கவில்லை!

அடுத்து, கதை எந்த ஆண்டில் தொடங்குகிறது? 2017இல் தொடங்கும் செய்தியில் அவர்கள் வெறும் அகதிகள். 1982 குடியுரிமைச் சட்டத்திலிருந்து தொடங்கினால், சொந்த நாட்டிலேயே நாடற்றவர்கள் ஆக்கப்பட்டவர்கள். 2014 கணக்கெடுப்பில் ‘ரோஹிங்கியா’ என்று பதிய விடவில்லை, ‘வங்காளி’ (அதாவது வெளியிலிருந்து வந்தவர்) என்றால்தான் பதிவு.

‘இனப்படுகொலை’யைப் பொறுத்தவரை, யார் வாயில் அந்தச் சொல் வருகிறது என்று பாருங்கள். 2018இல் ஐ.நா. உண்மையறியும் குழு, ராணுவத் தளபதிகளை இனப்படுகொலைக் குற்றத்துக்காக விசாரிக்க வேண்டும் என்றது. 2019இல் ஆப்பிரிக்க நாடான காம்பியா, மியான்மருக்கு எதிராகச் சர்வதேச நீதிமன்றம் போனது; 2020 ஜனவரியில் வந்தது இடைக்கால உத்தரவு. அதைத் ‘தீர்ப்பு’ என்று தலைப்பிட்டால் அது தவறு, உங்கள் சந்தேகம் அங்கே நியாயம்.

கடைசியாகப் படம். 2018இல் மியான்மர் ராணுவம் வெளியிட்ட நூலில், வங்காளிகள் நாட்டுக்குள் நுழைவதாக ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது. உண்மையில் அது 1996இல் தான்சானியாவில் எடுத்த ருவாண்டா அகதிகளின் வண்ணப்படம். நிறத்தை எடுத்துப் பழசாக்கியிருந்தார்கள். இப்படி ஒரு படம் கண்ணில் பட்டால் பகிர்வதற்கு முன் கூகுளின் படத்தேடலில் போட்டு, அது முதலில் எந்த ஆண்டு, எந்த விளக்கத்தோடு வந்தது என்று பாருங்கள்.