ஸ்பெயின் கிராமப்புறத்தில் வாகனமே வராத பாதைகளில் கிராவல் சைக்கிள் (சரளை, மண் பாதைகளுக்கு ஏற்ற அகன்ற டயர் சைக்கிள்) ஓட்ட எங்கே போகலாம்? கத்தலோனியாவின் ஜிரோனா ஏற்றதா? தனியாகப் போவது சரிவருமா?

தெருவெல் மாகாணத்துக்குப் போங்கள் என்பதே என் பதில். கேள்வியில் ஜிரோனாவைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். தொழில்முறை வீரர்கள் பலர் குடியிருக்கும் ஊர் அது. வசந்த காலத்தில் ‘த்ராக்கா’ என்னும் பெரிய கிராவல் பந்தயமும் அங்கே நடக்கிறது. பாதைகளின் தரத்தையும் குறை சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் தேடுவது காரும் லாரியும் கண்ணில் படாத, சக சைக்கிள்காரர்கள்கூட அரிதாகவே எதிர்ப்படும் வழிகள் என்றால், கத்தலோனியாவை விட்டு அரகோன் வட்டாரத்தின் தென்பகுதியான தெருவெலுக்கு வர வேண்டும். வேலை நிமித்தம் வலென்சியாவில் வசிக்கும் எனக்கு அந்த மலைப்பகுதி ரயிலில் போய்வரும் தூரம்தான்.

அங்கே நிலவும் அமைதியைச் சுற்றுலாவுக்காக யாரும் உண்டாக்கவில்லை. 1950களிலும் 60களிலும் உள்நாட்டு மலைக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள் வேலை தேடி பார்சலோனாவுக்கும் மாத்ரிதுக்கும் வலென்சியாவுக்கும் குடிபெயர்ந்தார்கள். போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. தெருவெல் மாகாணத்தின் பரப்பு ஏறத்தாழ 14,800 சதுர கி.மீ.; மக்கள்தொகையோ 1,35,000 அளவில்தான் இருக்கிறது, அதாவது சதுர கி.மீ.க்கு ஒன்பது பேர். நாங்களும் இருக்கிறோம் என்று அரசுக்கு நினைவூட்டவே ‘தெருவெல் எக்ஸிஸ்தே’ என்ற இயக்கம் 1999இல் தொடங்கப்பட்டது. அது 2019இல் நாடாளுமன்றக் கீழவைக்கும் ஒருவரை அனுப்பியது. ஆட்கள் போய்விட்டாலும் அவர்கள் புழங்கிய வழிகள் அப்படியே கிடக்கின்றன: கைவிடப்பட்ட ரயில் தடங்கள், செம்மறி மந்தைகளை ஓட்டிச் சென்ற அகன்ற வழிகள், டிராக்டர் போவதற்காக வயல்களுக்கிடையே போட்ட மண்சாலைகள். இம்மூன்றிலும் தரையும் ஏற்றமும் ஆபத்தும் வேறுவேறு என்பதால், நீங்கள் போகவிருப்பது எந்த வகை என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது முக்கியம்.

முதல் பயணத்துக்கு நான் பரிந்துரைப்பது ரயில் தடம், அதிலும் ஓஹோஸ் நெக்ரோஸ் வியா வெர்தே. கைவிடப்பட்ட ரயில் தடங்களை நடப்போருக்கும் சைக்கிள் ஓட்டுவோருக்கும் உரிய பாதைகளாக மாற்றும் ‘வியா வெர்தே’ திட்டம் 1993இல் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் 3,000 கி.மீ.க்கும் மேற்பட்ட தடங்கள் அப்படி மாறியிருக்கின்றன. அவற்றுள் மிக நீளமானவற்றில் ஒன்று இது, ஏறக்குறைய 160 கி.மீ. இதன் கதை விசித்திரமானது. ஓஹோஸ் நெக்ரோஸ் சுரங்கத்தின் இரும்புத் தாதுவை சகுந்தோ துறைமுகத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்த சுரங்க நிறுவனத்துக்கும், அதே திசையில் ஏற்கெனவே ரயில் ஓட்டிக்கொண்டிருந்த நிறுவனத்துக்கும் கட்டண விஷயத்தில் ஒத்துவரவில்லை. எனவே சுரங்கக்காரர்கள் அந்தத் தடத்துக்குப் பக்கத்திலேயே, 200 கி.மீ. தூரத்துக்கு, தங்கள் செலவில் இன்னொரு மீட்டர் கேஜ் தடத்தைப் போட்டுவிட்டார்கள்! 1907இல் ஓடத் தொடங்கிய அந்தத் தாது ரயில் 1972இல் நின்றது. தாது பழைய போட்டித் தடத்துக்கே மாறியது. அந்தத் தடம் இன்றும் இருக்கிறது, அதில்தான் பயணிகள் ரயில் போகிறது. இருவர் சண்டையின் மிச்சத்தில்தான் நாம் சைக்கிள் ஓட்டுகிறோம். களைத்துப்போனால் பக்கத்திலேயே ரயில் நிலையமும் இருக்கிறது.

தெருவெல் நகரம் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கிருந்து 1,200 மீட்டரைத் தாண்டும் எஸ்கந்தோன் கணவாய் வரை நிதானமான ஏற்றம். அதன்பின் சிற்சில மேடுகளைத் தவிர வழி கடலை நோக்கி இறங்குகிறது. தாது ஏற்றிய வண்டிகள் போவதற்காக வெட்டிய தடம் என்பதால் எங்குமே செங்குத்தான சரிவு கிடையாது. சர்ரியோன் பக்கம் வரும்போது வேலியிட்ட ஓக் தோப்புகளைப் பாருங்கள். மரங்களின் அடியில் வட்டமாகப் புல்லே இல்லாமல் தரை வெறிச்சென்றிருக்கும். அது வறட்சியல்ல, வேரோடு ஒட்டி வளரும் கறுப்பு ட்ரஃபிள் காளான் சுற்றியுள்ள செடிகளைத் தலையெடுக்க விடாமல் செய்துவிடுகிறது. அந்தக் காளான் விளைச்சல்தான் இன்று அவ்வூரை வாழவைக்கிறது. அதனால் வேலிக்குள் கால் வைக்காதீர்கள், திருட வந்ததாக நினைப்பார்கள். பரக்காஸ் மேட்டுநிலத்தில் காற்றாலைகள் நிற்கும் இடத்தில் எதிர்காற்று அடித்தால் இறக்கத்திலும் மிதித்தே ஆக வேண்டும். ஹெரிக்கா, செகோர்பே என்று கீழே போகப் போக ஊர்கள் நெருங்கி வருகின்றன, சில இடங்களில் தார் போட்டிருக்கிறார்கள், வார இறுதிகளில் குடும்பங்களும் நடக்கின்றன. வழியில் சுரங்கவழிகள் உண்டு. வெயிலிலிருந்து சட்டென்று உள்ளே நுழையும்போது கண் பழகுவதற்குள் நடுவில் போய்விடுவீர்கள் என்பதால் முன்விளக்கு கட்டாயம் தேவை.

மந்தைப் பாதைகள் வேறு உலகம். 1273இல் அரசர் பத்தாம் அல்ஃபோன்சோவின் அங்கீகாரம் பெற்ற ‘மெஸ்தா’ என்னும் மேய்ப்பர் சங்கம், கோடையில் வடக்கு மலைகளுக்கும் குளிர்காலத்தில் தெற்குச் சமவெளிகளுக்கும் செம்மறிகளை ஓட்டிச் செல்ல நாட்டின் குறுக்கே வழியுரிமை வைத்திருந்தது. ‘கன்யாதா’ எனப்படும் பெருவழிகளின் அகலம் 75 மீட்டர் வரை இருக்கும். 1995ஆம் ஆண்டின் சட்டம் இவற்றைப் பொதுச் சொத்தாக உறுதிசெய்ததோடு, மோட்டார் இல்லாத வண்டிகளில் போவதையும் அனுமதிக்கிறது. உரிமை இருக்கிறதே ஒழிய பாதை இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை: பல இடங்களில் பக்கத்து நிலத்துக்காரர் உழுது சேர்த்துக்கொண்டிருப்பார், சில இடங்களில் கல்லும் புதரும்தான் மிஞ்சியிருக்கும். வரைபடத்தில் கோடு இருப்பதை நம்பாமல், ஸ்பெயின் தேசியப் புவியியல் நிறுவனம் இலவசமாகத் தரும் வான்படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே புறப்படுங்கள்.

மந்தை இருக்கும் இடத்தில் மாஸ்தின் நாய் இருக்கும். ஓநாயிடமிருந்து ஆடுகளைக் காப்பதற்கென்றே வளர்க்கப்படும் இந்த நாய் கன்றுக்குட்டி அளவு இருக்கும். சில நாய்களின் கழுத்தில் முள் வைத்த பட்டையும் இருக்கும். வேகமாக மிதித்துத் தப்பிவிடலாம் என்று நினைக்கவே நினைக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்துக்கொண்டு, மந்தையைச் சுற்றி மெதுவாக நடந்து போங்கள். குரைக்கும், கொஞ்ச தூரம் கூடவே வரும், மந்தை பின்னால் போனதும் விட்டுவிடும்.

காஸ்தில்யா கால்வாயின் கரையையும் சொல்ல வேண்டும். கோதுமைப் படகுகளைக் கோவேறு கழுதைகள் இழுத்துச் சென்ற கரை வழி அது. 1753இல் வெட்டத் தொடங்கி 1849இல் முடித்த இக்கால்வாய், ரயில் வந்ததும் தொழிலை இழந்தது. 207 கி.மீ.யும் சமதரை, பல இடங்களில் மர நிழல். மலை ஏறப் பிடிக்காதவர்களுக்கு ஏற்றது. எனக்குச் சற்றுச் சலிப்பு. தெற்கே புவெர்த்தோ செர்ரானோவிலிருந்து ஓல்வெரா வரையிலான 36 கி.மீ. வியா வெர்தே, ஒரு ரயில்கூட ஓடாமலே கைவிடப்பட்ட தடம். வழியில் ஸாஃப்ரமகோன் பாறையில் பிணந்தின்னிக் கழுகுக் கூட்டத்தைப் பார்க்கலாம். சுமை கட்டிக்கொண்டு பல நாள் ஓட்டிப் பழகியவர்கள் தெருவெலில் தொடங்கி அங்கேயே முடியும் ‘மொந்தான்யாஸ் வசியாஸ்’ சுற்றுக்குப் போகலாம். ஏறத்தாழ 680 கி.மீ.; அதில் நாள் முழுக்க ஓட்டினாலும் கடை எதுவும் கண்ணில் படாத பகுதிகள் உண்டு.

சைக்கிளைப் பொறுத்தவரை 40 முதல் 45 மி.மீ. அகல டயர், ட்யூப்லெஸ், மலைக்கு ஏற்ற சிறிய கியர், இவை போதும். சஸ்பென்ஷனுக்குச் செலவழிக்க வேண்டாம். ட்யூப்லெஸ்ஸை வலியுறுத்துவது கல்லுக்காக அல்ல, முள்ளுக்காக. வயலோரத்தில் கிடக்கும் நெருஞ்சி சாதாரண ட்யூபை விட்டுவைக்காது. அதைவிடப் பெரிய தொல்லை மழைக்குப் பிந்தைய களிமண். அரைத்த உளுந்துமாவு கையில் ஒட்டுவதுபோல டயரில் ஒட்டி, அதன்மேல் சரளையும் வைக்கோலும் சேர்ந்து, சட்டத்துக்கும் டயருக்கும் இடையில் அடைத்து, ஒரு கட்டத்தில் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். மிதித்தால் பின்கியரைத் தாங்கும் கொக்கி முறியும். தூக்கிக்கொண்டு நடப்பதே வழி. பலத்த மழை பெய்தால் ஒரு நாள் பொறுங்கள், அல்லது சரளை போட்ட ரயில் தடத்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களும் செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து அக்டோபர் வரையும் நல்ல காலம். கோடையில் தெற்கில் 40 டிகிரியைத் தாண்டும். காட்டுத்தீ அபாயம் இருக்கும்போது வனப் பாதைகளை மூடியும் விடுவார்கள். குளிர்காலத்தில் தெருவெலின் இரவுகள் பூஜ்யத்துக்கு வெகுவாகக் கீழே போகும். இலையுதிர்காலம் முதல் பிப்ரவரி வரை வார இறுதிகளில் காட்டுப்பன்றி வேட்டை நடக்கும். அதற்கான அறிவிப்புப் பலகையைப் பாதையில் கண்டால் திரும்பிவிடுங்கள், வாதாட வேண்டாம்.

தண்ணீருக்கு ஊர்ச் சதுக்கத்துக் குழாய்தான் கதி. ‘நோ பொதாப்லே’ என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. கடைகள் மதியம் இரண்டு முதல் ஐந்து வரையும் ஞாயிறன்றும் மூடியிருக்கும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். பல ஊர்களில் இருப்பது ஒரே ஒரு ‘பார்’தான், அது காலையிலேயே திறந்து காபியும் தக்காளி தடவிய ரொட்டியும் உருளைக்கிழங்கு முட்டை அடையும் தரும் இடம். சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பருப்புக் குழம்பு என்று வருவதில் பெரும்பாலும் பன்றி இறைச்சித் துண்டு கிடக்கும்.

தனியாகப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். மனிதர்களைப் பற்றிய பயம் வேண்டாம், நான் தனியாகத்தான் போகிறேன். பயப்பட வேண்டியது, விழுந்து கை முறிந்தால் அந்த வழியே அடுத்த ஆள் மறுநாள்தான் வரக்கூடும் என்பதற்கு. பள்ளத்தாக்குகளில் கைபேசி சிக்னல் கிடைக்காது. உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு எந்த நிறுவனத்தின் சிக்னல் இருந்தாலும் 112க்கு அழைப்பு போகும். எதுவுமே இல்லாத இடங்களுக்கு, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவியை வாங்கியோ வாடகைக்கோ எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய வழியையும், இரவு தங்கும் இடத்துக்கு எத்தனை மணிக்குள் வருவீர்கள் என்பதையும் அங்குள்ளவர்களிடம் காலையிலேயே சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.